கடைசி ரீலை முதலில் ஓட்டியவன்

சினிமாக் கொட்டகை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் யாரோ ஒரு கிழவன் புலம்புகிறான் என்று பக்கத்தைத் தள்ளிவிடுவீர்கள். நான் கெடாரில் மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். என் பெயரைத் தவிர வேறெதையும் ஒழுங்காக எழுதத் தெரியாமல்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். இருபத்தெட்டு வயதில் ஒரு டூரிங் டாக்கீஸுக்கு நானே ஆபரேட்டர், நானே மேனேஜர். விழுப்புரம் வட்டாரத்தில் அந்த இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆளாக உட்கார்ந்தவன் நான் ஒருத்தன்தான். பிற்பாடு இரண்டு நிரந்தரத் தியேட்டர்கள் என் கையில் இருந்தன. புரொஜக்டர் ஓடுகிற சத்தத்தை வெளியே தெருவில் நின்று கேட்டே எங்கே கோளாறு என்று சொல்வேன். பட்டணத்திலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாம்தான். ஆனால் பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

உங்களுக்குப் புத்தி சொல்லி எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஜெயித்த கதைகள் நிறைய இருக்கின்றன. எங்கள் வட்டாரத்துப் பிரம்மதேசத்தில் முகாம் போட்டிருந்தபோது புயல்காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. நான் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் படத்தை ஓட்டி முடித்தேன், ஒரு ஆள்கூட எழுந்து போகவில்லை. அதையெல்லாம் ஐம்பது இடத்தில் சொல்லியாயிற்று. இப்போது ஆரம்பித்தால் என் மருமகளே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அதனால் யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். இதில் நான் ஜெயிக்கவில்லை. ஆனாலும் உங்களுக்கு உபயோகப்படுவது இதுதான் என்று தோன்றுகிறது.

அறுபதுகளின் நடுவில் எங்கள் கொட்டகை வளவனூரில் இருந்தது. கீற்றுக்கூரை, மணல் தரை, நடுவில் மூங்கில் தட்டியால் தடுத்து ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள். பின்னால் நாற்காலி வகுப்பு, அதற்கும் பின்னால் என் கேபின். புரொஜக்டர் ஒன்றுதான். அதனால் ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்டுவோம். அந்த இடைவெளியில்தான் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும்.

எங்கள் கொட்டகையில் இன்னொரு ஆள் இருந்தார். வேற்று மொழிச் சண்டைப் படம் வந்தால் திரை ஓரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் கதை சொல்வார். பேசாத படம் ஓடிய காலத்திலிருந்தே அதுதான் அவர் தொழில். எல்லோரும் அவரைக் கதைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். எனக்கும் வேறு பெயர் தெரியாது, கேட்டதும் இல்லை. நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னைவிட இருபத்தைந்து வயது பெரியவர், ஆனாலும் மேனேஜரே என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் ஓடும்போது திரைக்கு முதுகைக் காட்டி, ஜனத்தைப் பார்த்து நின்றுகொண்டு கதை சொல்வார். படத்தை முன்னாலேயே பல தடவை பார்த்து மனப்பாடம் பண்ணியிருப்பார். எந்த நிமிஷத்தில் கத்தி வரும், எந்த நிமிஷத்தில் குதிரை வரும் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவார். ஒரு தடவை நான் கேட்டேன்.

“ஏண்ணா, படத்த பாத்துக்கினு சொன்னா சுலபமா இருக்குமே?”

“படம் எங்கியும் போயிடாது மேனேஜரே. ஜனந்தான் எழுந்து போவும். அவங்களத்தான் பாத்துக்கினு இருக்கணும்.”

திரையிலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் அந்த முகங்களைப் பார்த்தே, எங்கே குரலை ஏற்றுவது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்வார். தொழில் என்றால் அதுதான் தொழில். நான் அவரிடம் எடுத்துக்கொண்டது அவ்வளவு. அதற்குத் திருப்பிக் கொடுத்தது என்ன என்பதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

அந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு அவருக்குக் குரல் கட்டிக்கொண்டது. மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சிக் குடித்துப் பார்த்தார், சரியாகவில்லை. வேற்று மொழிப் படங்களும் குறைந்துகொண்டே வந்தன. விழுப்புரத்தில் இருந்த முதலாளி ஒருநாள் வந்து, எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே சொன்னார்.

“கதைக்காரரே, ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடறேன். அடுத்த வாரம் ஒரு ஜப்பான் படம் வருது. அதுல ஜனத்த நிறுத்திக் காட்டுங்க. நின்னாங்கன்னா நீங்க இருங்க. இல்லன்னா மைக்கே வாணாம்னு முடிவு பண்ணிட்டேன்.”

கதைக்காரர் சரிங்க என்று மட்டும் சொன்னார். அவருக்கு வேறு வீடு கிடையாது. திரைக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாயும் இருந்தன, அதுதான் வீடு. கொட்டகை எந்த ஊருக்குப் பெயர்ந்தாலும் அந்தப் பெட்டியும் கூடவே வண்டியில் ஏறும். மைக் வேண்டாம் என்றால் பெட்டிக்கும் இடமில்லை என்று அர்த்தம்.

அந்த ஜப்பான் படம் எங்களுக்கு முன் திண்டிவனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கதைக்காரர் தினமும் பஸ் பிடித்துப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். நான்கு நாள் போனார். ஐந்தாம் நாள் அங்கே படத்தைத் தூக்கிவிட்டார்கள், கூட்டம் இல்லை. அங்கே கதை சொல்ல ஆள் கிடையாது, ஜப்பான் பேச்சை யார் உட்கார்ந்து கேட்பார்கள். இது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் வேறு. திண்டிவனத்து ஆபரேட்டருக்கும் எனக்கும் ஆகாது. அவன் பத்தாவது வரை படித்தவன், என்னைப் பார்த்தால் சிரிப்பான்.

படப்பெட்டி வந்த அன்று மத்தியானம், கூடவே பட்டணத்து விநியோகஸ்தர் அனுப்பிய ஒரு புத்தகமும் வந்தது. தடித்த படக்கதைப் புத்தகம், எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. அந்தப் படக்கதையைப் பார்த்துத்தான் படத்தையே எடுத்தார்களாம், நோட்டீஸுக்கு உபயோகப்படும் என்று கொடுத்தனுப்பியிருந்தார்கள். அப்போது எனக்கு எழுத்துப் படிக்கத்தான் வராதே தவிர, படம் பார்த்துக் கதை புரிந்துகொள்ள நன்றாக வரும். கேபின் வாசலில் உட்கார்ந்து, நாம் எப்படிப் புத்தகத்தைப் பிரிப்போமோ அப்படிப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன்.

ஒரு வாள் வீரன் ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். பிறகு தண்ணீரிலிருந்து ஒரு பூதம் வருகிறது, அதோடு சண்டை. பிறகு அவனுக்குப் பெண்டாட்டியும் ஒரு சின்னப் பெண்ணும் கூட இருக்கிறார்கள். ஊரார் தீவட்டியோடு துரத்துகிறார்கள். நடுவில் நிறையப் பக்கங்களில் அவனுக்கு நிழலே இல்லை, மற்ற எல்லோருக்கும் இருக்கிறது. அதற்கப்புறம் பெண்டாட்டியும் பிள்ளையும் கண்மூடிப் படுத்திருக்கிறார்கள், தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் அவன் குதிரை மேல் வருகிறான், முன்னால் கொடி, பின்னால் சேனை, இரண்டு பக்கமும் ஊர் ஜனம் குனிந்து கும்பிடுகிறது. ஆகா, மங்களமாக முடிகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பெட்டியைத் திறந்து ரீல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திண்டிவனத்தான் ஒன்றிலிருந்து ஒன்பது வரை சாக்கட்டியால் எண் போட்டிருந்தான். அவன் ஒன்று என்று எழுதியதில் குதிரை ஊர்வலம் இருந்தது. ஒன்பது என்று எழுதியதில் ஆற்றங்கரை இருந்தது. படித்தவன் படத்தைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டியிருக்கிறான், அதனால்தான் திண்டிவனத்தில் ஊத்திக்கொண்டது. வளவனூரில் சரியாக ஓட்டி, இவன் மூஞ்சியில் கரியைப் பூசுகிறேன் பார் என்று, சாக்கட்டி எண்ணை எல்லாம் அழித்துவிட்டு ஒன்பதை ஒன்றாக்கினேன்.

கதைக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்தார். சொன்னேன். அவர் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

“இல்ல மேனேஜரே. நான் நாலு நாளு பாத்தேன். மொதல்ல ஊர்வலந்தான். சண்டைக்குப் போயிட்டு ஊருக்குத் திரும்பி வரான். வந்து பாத்தா பெண்டாட்டி புள்ள ரெண்டு பேரும் கொள்ளநோயில செத்துக் கெடக்கறாங்க. ஆத்துப் பூதத்துக்கிட்ட நெழலக் குடுத்துட்டு உயிர வாங்கறான். அப்பறம் நெழல் இல்லாதவன்னு ஊரே தொரத்துது. கடைசில பூதத்த ஜெயிச்சி நெழல வாங்கிடறான். நெழலு வந்த நேரத்துல அதுங்க ரெண்டும் போயிடுது. ஒண்டியா குந்திக்கினு கெடக்கறான். அவ்ளோதாங்க படம்.”

“இப்பிடி ஒரு படத்த எவனாவது எடுப்பானா? கடைசில ஒண்டியா குந்தறதுக்கு ஒருத்தன் ஒம்போது ரீலு சண்ட போடுவானா?”

“எடுத்திருக்கான்.”

“புஸ்தகத்த பாருங்கண்ணா. இதுல இருந்துதான் படமே எடுத்திருக்கான்.”

புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். அவர் முகம் குழம்பியது. அவரும் நான் பிரித்த மாதிரிதான் பிரித்தார். வேறு மாதிரி பிரிக்கலாம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் எப்படித் தெரியும். ஆனாலும் அவர் விடவில்லை. ரீல்களின் முன்முனையை இழுத்துக் காட்டினார்.

“பாருங்க. ஊர்வல ரீலுல ஒரு கோடு. அடுத்ததுல ரெண்டு கோடு. இதுல மூணு. அப்பறம் இன்னாமோ எழுத்து வருது. இது எண்ணாதாங்க இருக்கணும்.”

“ஜப்பான்காரன் கோடு இழுத்தா அது எண்ணுன்னு உங்ககிட்ட சொன்னானா?”

“ஊர்வலத்து மேலதான் பேருங்கள்லாம் எழுத்துல ஓடுது.”

“நம்ம ஊரு மாதிரி மொதல்லதான் போடணும்னு சட்டமா? அவன் கடைசில போடறான்.”

இப்போது எழுதும்போது எனக்கே கூசுகிறது. நாலு நாள் கண்ணால் பார்த்துவிட்டு வந்த ஆள். நான் பார்த்தது பொம்மைப் புத்தகம். ஆனால் தம்பிகளே, அந்த நேரத்தில் நான் அவரோடு பேசிக்கொண்டிருக்கவில்லை, திண்டிவனத்தானோடு பேசிக்கொண்டிருந்தேன். எதிரில் நிற்கிற ஆளை விட்டுவிட்டு இல்லாத ஆளுக்குப் பதில் சொல்வது நம் தொழிலில் பெரிய வியாதி. கடைசியில் நான் சொன்னேன்.

“மேனேஜரு யாருண்ணா, நீங்களா நானா?”

அவர் புத்தகத்தை மூடிக் கையில் கொடுத்தார்.

“நீங்கதாங்க. ஆனா எனக்கு இது ஒரு படந்தான் பாக்கி. அத மட்டும் மனசுல வெச்சிக்கோங்க.”

“அதுக்குத்தாண்ணா சொல்றேன். மங்களமா முடிஞ்சாதான் ஜனம் உங்கள மெச்சும்.”

அவருக்கு ஐந்து மணிநேரம்கூட இல்லை. நாலு நாள் மனப்பாடம் செய்ததை அடியோடு மாற்றி, பின்பக்கத்திலிருந்து வேறொரு கதையைக் கட்ட வேண்டும். வேலங்குச்சியால் மணலில் கோடு போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தார். குரலுக்காகச் சூடாக வெந்நீர் கேட்டார். நான் வாங்கிக் கொடுத்தேன். அதையும் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அன்று முதல் ஆட்டத்துக்கு முதலாளி நேரில் வந்து நாற்காலி வகுப்பில் உட்கார்ந்தார். கொட்டகை நிரம்பியிருந்தது. கரும்பு வெட்டு முடிந்த சமயம், சுற்றுக் கிராமத்து ஜனம் எல்லாம் வந்திருந்தது. ஜப்பான் வாள் சண்டை, நீர்ப் பூதம் என்று வண்டி கட்டித் தமுக்கு அடித்திருந்தோம்.

முதல் ரீல் ஓடியது, அதாவது கடைசி ரீல். பூதத்தோடு சண்டை, பெண்டாட்டியும் பிள்ளையும் புகை மாதிரி மறைகிறார்கள், அவன் தனியே உட்காருகிறான். கதைக்காரர் திரைக்கு முதுகைக் காட்டி நின்றார். கட்டிய தொண்டையை வைத்துக்கொண்டு அன்று அவர் சொன்ன மாதிரி நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

“பாருங்கய்யா, பாருங்கம்மா. ஆத்துப் பூதம் இவன் சம்சாரத்தையும் கொழந்தையையும் தண்ணிக்கு அடியில ஒளிச்சி வெச்சிட்டுது. ஒண்டியா குந்தியிருக்கான். எழுந்திருப்பானா? எழுந்திருப்பான். ஏன் எழுந்திருக்க மாட்டான்?”

ஜனம் அசையவில்லை. அடுத்தடுத்த ரீல்களில் மனைவியும் பிள்ளையும் கூட இருந்தார்கள். மீட்டுக்கொண்டு வந்துவிட்டான் என்றார். நிழல் ஏன் இல்லை? பூதம் அதைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறது என்றார். ஊரார் தீவட்டியோடு துரத்தினார்கள். நெற்றியில் காயத்தோடு இருந்தவன் அடுத்த ரீலில் காயமில்லாமல் வந்தான். “பெத்த பொண்ணு தொட்டா புண்ணு நிக்குமா?” என்றார். பெண்கள் பக்கம் உச்சுக் கொட்டினார்கள். எட்டாவதாக ஓட்டிய ரீலில் அவன் இரண்டு உடல்களையும் ஆற்றங்கரைக்குத் தூக்கிவந்து பூதத்தைக் கும்பிடுகிறான், இரண்டும் கண் திறந்து எழுந்து உட்காருகின்றன. ஊரார் அடித்ததில் மூர்ச்சையாகிவிட்டார்கள், பூதமே மனமிரங்கி எழுப்பிவிடுகிறது என்று சொன்னார். சின்னப் பெண் கண் திறந்தபோது கொட்டகை முழுக்கக் கை தட்டியது. நான் கேபின் ஓட்டை வழியாக முதலாளியைப் பார்த்தேன். அவரும் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நான் கலைத்துப் போட்டதை, ஒரே குரலால் ஒரு கதையாகத் தைத்து நிறுத்திவிட்டார் அந்த மனுஷன். வேலை பிழைத்துவிட்டது. இன்னும் ஒரு ரீல்தான் இருந்தது.

விளக்குப் போட்டதும் அவர் கேபினுக்கு ஓடி வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

“மேனேஜரே, ஒரே ஒரு காரியம் பண்ணுங்க. இந்த ரீலு ஊர்வலத்துலதான் ஆரம்பிக்குது. ஆனா ரீலு முன்னாடிதான ஓடும்? ஊர்வலம் முடிஞ்சி அவன் வீட்டுக்குப் போவான். அங்க ரெண்டு பொணம் கெடக்கும். ஊரு எல்லையில குதிரைய விட்டு எறங்கற எடத்துல நிறுத்திடுங்க. நான் மைக்ல சுபம் சொல்லிடறேன். ஜனம் சந்தோசமா போயிடும்.”

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. ரீல் வரிசையை நான் திருப்பிவிட்டேன், ஒவ்வொரு ரீலும் உள்ளே நேராகத்தானே ஓடும். புத்தகத்தில் ஊர்வலம் கடைசிப் பக்கம். ரீலில் அது முதல் காட்சி. இது மூளைக்கு எட்டாத விஷயம் இல்லை. எட்ட விடவில்லை, அவ்வளவுதான்.

என் கை புரொஜக்டர் விளக்கின் இரண்டு கார்பன் குச்சிகள் மேல் இருந்தது. இரண்டையும் இழுத்துப் பிரித்தால் வெளிச்சம் போய்விடும், படம் நின்றுவிடும். ஆனால் நிறுத்தினால், பத்து நிமிஷம்கூட ஓடாத ரீலை ஏன் நிறுத்தினாய் என்று முதலாளி கேட்பார். கேட்டால் வரிசை மாற்றியது வெளியே வரும். திண்டிவனம் வரைக்கும் போகும். நான் சொன்னேன்.

“என் சர்வீஸுல எந்தப் படத்தையும் பாதில நிறுத்துனதில்ல. ஜல்தியா போய் நில்லுங்க, ரீலு மாட்டிட்டேன்.”

“மேனேஜரே...”

“போங்கண்ணா. பேஜாரு பண்ணாதீங்க.”

அவர் போய் நின்றார். ஊர்வலம் வந்தது. கொடிகள், குதிரைகள், திரையின் மேல் எழுத்துகள் ஓடின. ராஜா இவனுக்கு மரியாதை செய்து அனுப்புகிறார் என்றார். சீட்டி பறந்தது. எல்லையில் அவன் குதிரையை விட்டு இறங்கினான். இங்கே நான் நிறுத்துவேன் என்று கடைசி வரை அவர் நம்பியிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமலே, சரியாக அந்த இடத்தில், “சுபம்” என்று சொல்லிக் கைகூப்பினார்.

ஜனம் எழுந்தது. மணலைத் தட்டிக்கொண்டு, தூங்கிய பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டது. படம் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் வீட்டுக் கதவைத் தள்ளினான். உள்ளே இரண்டு பேரும் கிடந்தார்கள். சின்னப் பெண்ணின் முகத்தை அவ்வளவு பெரிதாகத் திரை முழுக்கக் காட்டினார்கள். நின்றவர்கள் நின்றபடியே திரும்பினார்கள். கதைக்காரர் திரையைப் பார்க்கவில்லை. அந்த முகங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். எதிரே ஒவ்வொரு முகமாக மாறுவதைப் பார்த்தார். கைகூப்பியது கூப்பியபடி இருந்தது. ரீல் தீர்ந்து திரை வெள்ளையாயிற்று.

முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி கேட்டாள், அழுதுகொண்டே.

“ஏய்யா, இவ்ளோ நேரம் நல்லாத்தான இருந்திச்சி. இப்பதான எழுந்து குந்திச்சி. அந்தப் புள்ளய எதுக்குய்யா சாவடிச்ச?”

பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து மணல் வந்தது. கைகையாக அள்ளி வீசினார்கள். யாரும் கேபின் பக்கம் திரும்பவே இல்லை. படம் எங்கிருந்து வருகிறது என்று எந்த ஜனம் பார்க்கும். அவர்களுக்குத் தெரிந்தது அந்தக் குரல். அந்தக் குரல்தான் ஒன்பது ரீல் நம்ப வைத்துவிட்டு ஏமாற்றியது. ஒருவன் மைக் கம்பியை அறுத்தான். கதைக்காரர் கண்ணில் மணல் விழுந்து, துண்டால் துடைத்துக்கொண்டு நின்றார். கூட்டம் தானாகவே அலுத்துக் கலைந்தது. இரண்டாவது ஆட்டத்தை ரத்துச் செய்தோம்.

முதலாளி என்னையும் அவரையும் கேபின் வாசலில் நிறுத்திக் கேட்டார்.

“இன்னாப்பா இது? எப்பிடி ஆச்சி?”

கதைக்காரர் என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. என் முறை என்று காத்திருந்தார், அவ்வளவுதான். தம்பிகளே, நான் பொய் சொல்லவில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள். என் வாயிலிருந்து வந்தது முழுக்க முழுக்க உண்மை.

“இவருதாங்க முதலாளி திண்டிவனம் போயி நாலு நாளு படத்த பாத்துட்டு வந்தவரு.”

முதலாளி அவர் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களா?”

“பாத்தேங்க.”

“பாத்துட்டுமா இப்பிடி?”

கதைக்காரர் என் பக்கம் திரும்பினார். நான் ஒரு வார்த்தை சேர்ப்பேனா என்று இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தார். நான் கேபின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திரைக்குப் பின்னால் போனார். விடிந்து நான் வந்தபோது பாயும் பெட்டியும் இல்லை.

மறுநாள் அதே படத்தை அவர் சொன்ன வரிசையில் ஓட்டினேன். ஊர்வல ரீல் முதலில், ஆற்றங்கரை ரீல் கடைசியில். மைக் இல்லை. முந்தின நாள் விஷயம் ஊரெல்லாம் பரவியிருந்தது, பதினைந்து பேர்கூட வரவில்லை. வந்தவர்களும் ஜப்பான் பேச்சைக் கேட்டுக் கொட்டாவி விட்டார்கள். நாலாவது ரீலுக்குள் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நான் நிறுத்தவில்லை. மீதியை வெறும் மணலுக்கு ஓட்டினேன். கடைசியில் அவன் தனியாக உட்கார்ந்தபோதுதான், அந்தப் படக்கதையை எந்தப் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. ஜப்பான்காரன் புத்தகம் நாம் முடிக்கிற பக்கத்தில் தொடங்குகிறது. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி.

ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு மத்தியான நேரத்தில் விழுப்புரம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். பஸ்களுக்கு ஆள் கூப்பிடும் வேலை. “கெடார், கெடார்” என்று அந்தக் கட்டைக் குரலில் கூவிக்கொண்டிருந்தார். ஒளிந்து போய்விடலாம் என்று பார்த்தேன், அதற்குள் பார்த்துவிட்டார்.

“வாங்க மேனேஜரே. வளவனூருதான? அடுத்த வண்டி வந்துடும்.”

“எப்பிடிண்ணா இருக்கீங்க?”

“இருக்கேன். தொண்டைக்கு இங்க வேல இருக்குது.” அருகில் வந்தார். “ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தப் படத்த அப்பறம் ஓட்டுனீங்களா?”

அப்போதாவது நான் அவர் காலைப் பிடித்திருக்க வேண்டும். முதலாளியிடம் இன்றைக்கே போய்ச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக ஏதாவது சொல்வோம் என்று என் புத்தி போயிற்று.

“மறுநாளே ஓட்டுனேண்ணா. நீங்க சொன்ன வரிசையில.”

அவர் முகம் மலர்ந்தது.

“ஜனம் இன்னா பண்ணாங்க?”

“அழுதாங்கண்ணா. கடைசி ரீலுல பொம்பளைங்க எல்லாம் ஓன்னு அழுதுட்டுத்தான் போனாங்க. நீங்க சொன்னதுதான் சரி.”

“அழுவாங்கன்னு எனக்குத் தெரியும்.” தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார். “மைக்ல யாரு?”

“யாரும் இல்லண்ணா. சும்மாதான் ஓட்டுனேன்.”

தலை ஆடுவது நின்றது.

“யாரும் சொல்லாமியே அழுதாங்களா.”

கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை. நான் செய்தது என்னவென்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. நீங்கள் இல்லாமல் ஒருத்தரும் உட்காரவில்லை, வெறும் மணலுக்கு ஓட்டினேன் என்ற உண்மைதான் அவருக்கு நான் கொடுத்திருக்கக்கூடிய ஒரே மரியாதை. அது நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் சற்றுமுன் சொன்ன பொய் உடையும், அது உடைந்தால் அந்த வளவனூர் ராத்திரியும் பேச்சில் வரும். நான் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“அப்ப முதலாளி சொன்னது சரிதான், மேனேஜரே,” என்றார். “மைக் வாணாந்தான்.”

புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். ஆட்டத்தின் நடுவில் தப்பு தெரிந்தால் நிறுத்திவிட்டு விளக்கைப் போடுங்கள். ஜனம் கத்தும், மணல் வீசும், முதலாளி வைவார். உங்கள் முகத்தில் விழ வேண்டிய மணல் உங்கள் முகத்திலேயே விழட்டும். நான் எத்தனையோ இயந்திரங்களைச் சத்தத்தை வைத்தே சரிசெய்தவன். இந்த ஒன்றைச் சரிசெய்ய எனக்கு மூன்று தடவை சந்தர்ப்பம் கிடைத்தது, மூன்று தடவையும் என் கை எழவில்லை.

வளவனூர் வண்டி வந்து நின்றது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கீழே அவர் நின்றுகொண்டிருந்தார். பஸ் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. கண்டக்டர் தலையை நீட்டி, “யோவ் பெரியவரே, கூப்புடுய்யா, ஆள் இல்ல பாரு,” என்றான். அவர் அவனைப் பார்த்தார், கூப்பிடவில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கண்டக்டரே கீழே இறங்கி நின்று வளவனூர், வளவனூர் என்று கூவத் தொடங்கினான்.